தன் தேவையைத் தானே சொல்கிறாள்

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருப்பவரை நாங்கள் 'சூப்பர்' என்றுதான் சொல்வோம். எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் "சூப்பர்!" மோட்டார் எரிந்து கட்டடமே வாளியும் கையுமாக நின்ற அன்றைக்கும் "சூப்பர், இப்ப வந்துடும் பாருங்க!" என்றார். அவர் கையிலும் வாளி இருந்தது.

தொழில் வீட்டுத் தரகு. வாடகைக்கு வரும் வீடுகளைப் பற்றி அவர் எழுதுகிற விளம்பரத்தைப் படித்தால், நாம் குடியிருக்கிற வீட்டுக்கே புதிதாகக் குடிபோகலாமா என்று ஆசை வரும். எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் ஜன்னல் 'அந்தரங்கம் காக்கும் ஜன்னல்'. ஒருத்தர் திரும்பினால் இன்னொருத்தர் வெளியேற வேண்டிய சமையலறை 'எல்லாம் கைக்கெட்டும் சமையலறை'. கூரை ஒழுகும் மேல்மாடிக்கு 'மழையை ரசிக்க ஏற்ற இடம்' என்று எழுதினார். எந்த வார்த்தையையும் தொட்டு இது பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் கைவரிசை. குடிவந்தவன் நாலு நாள் திட்டுவான், அப்புறம் ஒழுகுகிற இடத்தில் ஒரு பாத்திரத்தை வைப்பான். அதோடு போயிற்று.

பெற்ற பெண்ணைப் பற்றியும் அதே பேனாவால் எழுதினால் எங்கே பாத்திரம் வைப்பது?

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அவருக்கு நேர் எதிர். பாதி மாத்திரை என்றால் பாதி மாத்திரை. கொஞ்சம் கூடக்குறைய என்பது அவளிடம் நடக்காது. "கொஞ்சம் தலைவலிம்மா" என்று போய் நின்றால், "கொஞ்சம்னா எவ்வளவுக்கா? எந்தப் பக்கம்? குனிஞ்சா வலிக்குதா?" என்று விசாரணை வைப்பாள். பதில் சொல்வதற்குள் வலி ஓடிவிடும். இந்த இரண்டு பேருக்கும் எப்படித்தான் முடிச்சுப் போட்டார்களோ.

இவர்களுக்கு ஒரே பெண், ஒன்றாம் வகுப்பு. உருண்டை முகம், உருண்டைக் கண். கட்டடமே அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிடும். பட்டாணிக்குப் பேச்சு வராது என்று சொல்ல முடியாது. வரும். ஆனால் நாம் போட்டதுதான் திரும்பி வரும். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா" என்பாள். "பால் வேணுமா, பழம் வேணுமா?" என்றால் "பழம் வேணுமா" என்பாள். ஆசையாகப் பழத்தைக் கொடுத்தால் விட்டெறிவாள். அவளுக்கு வேண்டியது பால். கடைசியில் காதில் விழுந்த சொல் வாயில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அவள் கேட்கும் விதம் வேறு. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கவுன் நுனியைப் பிடித்து விரலில் சுற்றுவாள். சுற்றிச் சுற்றி விரல் நுனி சிவந்துபோகும். அது அவள் அம்மாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்திலேயே உட்காருவதற்கென்று வைத்திருந்த துணை அக்காவுக்குத் தெரியும். அந்த அக்கா இருந்ததால்தான் பட்டாணி மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்க முடிந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து, பட்டாணி போகிற அதே பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குத்தான் நாங்களும் போகிறோம். அறைகளுக்கு நடுவே சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். மூடிக்கொள்ளக் காதுக்கு இமையா இருக்கிறது?

அந்த நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. பயிற்சி முடிகிற நேரத்தில் டீச்சர் ஒரு தாளை எடுத்து மேசையில் வைப்பார். மேல் பாதியில் அன்றைக்கு என்ன பயிற்சி, எப்படிப் போயிற்று என்று டீச்சர் எழுத வேண்டும். கீழ்ப் பாதியில் பெற்றவர்கள் தாங்கள் பார்த்ததை எழுத வேண்டும். பிறகு இரண்டையும் குழந்தைக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படிப்பார்கள். பிள்ளையைப் பற்றி எழுதுவதைப் பிள்ளைக்குத் தெரியாமல் எழுதக் கூடாதாம். நல்ல பழக்கம்தான். அந்தத் தாள்கள் மாதா மாதம் பள்ளிக்கூடத்துக்கும் போகும்.

என் வீட்டுக்காரருக்கு நான் எழுதுவேன். அவருக்கு 'தண்ணி' வராது, 'ரமணி' என்கிற அவர் தங்கை பெயர் வராது, என் பெயர் வரவே வராது. கெட்ட வார்த்தை மட்டும் கணீரென்று வரும். மூளையில் அது வேறு அலமாரியில் இருக்குமாம்; டீச்சர்தான் சொன்னார். நானும் ஒளிக்காமல் எழுதினேன்: 'இன்றும் அதே ஒரு வார்த்தைதான். உச்சரிப்பு சுத்தம்.'

முதலில் பட்டாணியை அவள் அம்மாதான் அழைத்து வருவாள். மருந்துக்கடையில் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். அப்புறம் சூப்பர் அழைத்துவர ஆரம்பித்தார். பேனா அவர் கைக்குப் போயிற்று.

தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்பேன். பட்டாணி கட்டையைத் தூக்கி எறிந்து அது என் வீட்டுக்காரரின் காலடியில் வந்து விழுந்திருக்கும். அங்கே சூப்பர் படிப்பார்: "பொருட்களைத் தூரமாக நகர்த்துவதில் ஆர்வம் காட்டினாள்." பட்டாணி மேசைக்கடியில் புகுந்துகொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்திருப்பாள். "தனக்கென்று ஓர் அமைதியான இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தாள்." எதைக் கேட்டாலும் அதையே திருப்பிச் சொல்லியிருப்பாள். "கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் தந்தாள்." எனக்குச் சிரிப்பு வரும். டீச்சர் "சரிங்க சார்" என்பார். அடுத்த குழந்தை வாசலில் நிற்கும்.

ஒரு நாள் மருந்துக்கடைக்காரிக்கு விடுமுறை. மகளைப் பள்ளியிலிருந்து தானே அழைத்துவரப் போனாள். போனவள் திரும்பி வந்த வேகத்தை நான் வாசலில் நின்று பார்த்தேன். பட்டாணியை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை யார் இடுப்பில் தூக்குவார்கள்? குழந்தையின் கவுனில் ஒரு வாடை வந்தது.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவது..."

"அப்புறம் சொல்றேங்க்கா."

அவள் அப்புறம் சொல்லவில்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை. மாடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சூப்பர் சாவியைச் சுழற்றிக்கொண்டு படியேறினார். எனக்கும் அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டைப் பெருக்க வேண்டியிருந்தது.

"பட்டாணீ! அப்பா வந்தாச்சு! ஸ்கூல் எப்படி? சூப்பரா?"

"சூப்பரா" என்றது உள்ளேயிருந்து குழந்தை.

"பாத்தியா, சூப்பராம்!"

"இன்னொரு வாட்டி அந்த வார்த்தையைச் சொன்ன, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் மருந்துக்கடைக்காரி.

என் துடைப்பம் நின்றுவிட்டது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் 'என்னங்க', 'வாங்க', 'சொல்லுங்க' தவிர நான் கேட்டதில்லை. இன்றைக்கு 'நீ' வந்துவிட்டது.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி..."

"துணை அக்காவை நிறுத்திட்டாங்களாம். போன திங்கக்கெழமையே. உனக்குத் தெரியுமா?"

"மெஸேஜ் வந்துச்சு. அவ நல்லா முன்னேறிட்டா, இனிமே தேவையில்லைன்னு. நல்ல விஷயம்தானே, உனக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு..."

"மத்தியானம் சாப்பாட்டு மணியிலேர்ந்து மூத்திரத்துலயே உக்காந்திருக்கா என் பொண்ணு. காஞ்சே போச்சு. பக்கத்துப் பசங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளி உக்காந்தாங்களாம். கவுனைச் சுத்திச் சுத்தி நுனி கிழிஞ்சிருக்கு. யாருக்கும் புரியலை. ஏன் கவனிக்கலைன்னு கிளாஸ் டீச்சரைக் கேட்டேன். 'அவளே கேப்பான்னு எழுதி வந்துச்சே'ன்னு தாளைக் காட்டறாங்க. 'தன் தேவையைத் தானே சொல்கிறாள். பாத்ரூம் போக வேண்டும் என்றால் கேட்கிறாள்.' டாக்டருங்க கிறுக்கலையே படிக்கிறவ நான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கேட்டாளா? எப்ப கேட்டா? எந்த வாயால கேட்டா?"

"சென்டர்ல... டீச்சர் 'பாத்ரூம் போகணுமா'ன்னாங்க. இவ 'போகணுமா'ன்னா. கூட்டிட்டுப் போனேன், போனா. அதைத்தான்..."

"அது கேக்கறதா?"

"ஒரு விதத்துல பாத்தா..."

"ஒரு விதத்துல! இது என்ன வாடகை வீடா? ஸ்டூல் போட்டு ஏறி, கழுத்தை ஒடிச்சு எட்டிப் பாத்தா ஒரு விதத்துல கடல் தெரியும்னு சொல்றதுக்கு? வா, வந்து பாரு. தொடை ரெண்டும் வெந்து போயிருக்கு. பாத்துட்டு அதையும் எழுது. 'தொடை நல்ல சிவப்பு நிறம்'னு எழுது!"

"கத்தாத. கீழ அக்கா காதுல விழும்."

"விழட்டும். அக்கா! கேக்குதா?"

கேட்கிறது என்று சொல்வதா, கேட்கவில்லை என்று சொல்வதா? இரண்டு படியைக் கொஞ்சம் பலமாகப் பெருக்கினேன்.

அடுத்த பயிற்சி நாளில் இரண்டு பேரும் வந்தார்கள். ஒரே ஆட்டோவில் வந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நடுவில் பட்டாணி என் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தேன்.

மருந்துக்கடைக்காரி நின்றபடியே ஆரம்பித்தாள். "நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க டீச்சர்? அவ திருப்பிச் சொல்றா, பதில் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. மேல என் பகுதியில எழுதியிருக்கேன். 'எதிரொலிப் பேச்சு தொடர்கிறது, தன்முனைப்புத் தொடர்பாடல் குறைவு'ன்னு..."

"அது யாருக்குப் புரியும்? அந்த கிளாஸ் டீச்சருக்குப் புரிஞ்சுதா? மேல இருக்கறது புரியலை, கீழ இருக்கறது தேன் மாதிரி இனிக்குது. எதைப் படிப்பாங்க?"

"சார் எழுதினதை நான் எப்படிம்மா அடிக்கறது? அது பெத்தவங்களோட குரல். அதைத் திருத்தக் கூடாதுங்கறது எங்க முறை."

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் தம்முடைய ஒரே வார்த்தையைக் கணீரென்று சொன்னார்.

நான் அவர் தாளை எடுத்து எழுதினேன்: 'இன்று சரியான இடத்தில் வந்தது.'

"பெத்தவரு குரலாம்!" என்றாள் மருந்துக்கடைக்காரி. "அவரு குரல் தெருக்கோடி வரைக்கும் கேக்குதே டீச்சர், அதுக்கு எதுக்குப் பயிற்சி? இவளுக்குக் குரல் இல்லைன்னுதானே இங்க வந்தோம்? சேர்ந்து எழுதறதுன்னு சொல்றீங்க. பேனாவை அவர் கையில குடுத்துட்டு நீங்க அடுத்த பிள்ளையைக் கூப்பிடறதுதான் சேர்ந்து எழுதறதா? 'சார், இவ கேக்கலை, நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு எத்தனை நேரம் ஆகும்?"

டீச்சர் தாளை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். சின்ன வயசு. ஒரு நாளில் எத்தனை தாள் என்று பார்க்கிறேனே நான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அந்த டீச்சர்மேல் இரக்கம் வரவில்லை.

வாயைத் திறந்தது சூப்பர்தான். எப்போதும் வருகிற குரல் வரவில்லை. "அவ முன்னாடி படிக்கிறாங்க. அவ கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. 'செய்யலை, சொல்லலை, வரலை'ன்னு எப்படிப் படிக்கறது? பெத்த பொண்ணு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு?"

எனக்கே ஒரு நிமிஷம் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகப் பட்டது. மருந்துக்கடைக்காரிக்குப் படவில்லை.

"அவ மனசு நோகக் கூடாதுன்னு பொய் எழுதின. அவ தொடை வெந்துச்சு. அவளுக்கு எது பரவாயில்லைன்னு அவளைக் கேட்டியா? உனக்குத்தான் படிக்கக் கூசிச்சு. அதை அவ தலையில கட்டாத."

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை நேரம் கொடுத்திருந்தார். பட்டாணியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருந்திருக்கும். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரப் போன என்னைத் தலைமையாசிரியையே "உள்ளயே உக்காருங்க" என்றார். நல்ல மனுஷி.

ஆனால் பேச்சு கறாராக இருந்தது. மேசைமேல் அந்தத் தாள்களை விசிறி மாதிரிப் பரப்பி வைத்திருந்தார்.

"இவ்வளவு நாளா நல்லா இருக்கா, கேக்கறா, பதில் சொல்றான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. துணையை நிறுத்தினதும் திடீர்னு எதுவுமே வராதுங்கறீங்க. நான் எதை நம்பறது? துணை இல்லாம கஷ்டப்படற வேற பிள்ளைக்கு அந்த அக்காவை மாத்தியாச்சு. அங்கேர்ந்து எடுத்து இங்க குடுக்கணும்னா எனக்குக் காரணம் வேணும்."

மருந்துக்கடைக்காரி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

சூப்பர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். வாழ்நாளில் ஒரு வீட்டைக் காட்டி 'இங்கே ஒழுகும்' என்று சொல்லாத வாய் அது. பழக்கதோஷத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டது. மேல் தாளை எடுத்தார்.

"மேடம், இதுல 'தூரமாக நகர்த்தினாள்'னு இருக்கு. விட்டெறிஞ்சான்னு அர்த்தம். 'அமைதியான இடத்தைத் தேர்ந்தெடுத்தாள்'னா மேசைக்கடியில ஒளிஞ்சுக்கிட்டா, வெளியே வரவே இல்லை. 'உடனுக்குடன் பதில்'னா... அது பதில் இல்லை. நாம சொன்னதையே சொல்லுவா."

ஒவ்வொரு தாளாகக் கவிழ்த்து வைத்தார். கடைசித் தாளில் நின்றுவிட்டார்.

"அதையும் சொல்லு" என்றாள் மனைவி. அந்நியர் முன்னாலும் 'நீ'தான்.

"இது... இது பொய்ங்க மேடம். அவ கேக்கலை. எழுதினா நடந்துடும்னு ஒரு..."

தலைமையாசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மருந்துக்கடைக்காரி எழுந்து பட்டாணியின் கையைப் பிடித்தாள். "ஒரு நிமிஷம் மேடம். பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"என்ன, இப்ப எதுக்கு?" என்றார் சூப்பர்.

"அவ கேட்டா."

"எப்ப கேட்டா?"

குழந்தையின் கவுன் நுனி விரலில் இறுகச் சுற்றியிருந்தது. நான் பார்த்தேன், தலைமையாசிரியை பார்த்தார். பெற்ற அப்பன் மட்டும் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் பெண்ணும் வெளியே போனார்கள். தலைமையாசிரியை சூப்பரைப் பார்த்தார். அதற்கப்புறம் எந்தக் காரணமும் கேட்கவில்லை. இந்தப் பருவம் முடியும் வரை துணை அக்கா வருவாள், பிறகு பார்க்கலாம் என்றார். 'புரிகிற மாதிரி எழுதிய தாள் மட்டும் அனுப்பச் சொல்லுங்க' என்று டீச்சருக்கும் சேர்த்து ஒரு குட்டு வைத்தார். அந்த அக்கா போயிருந்த வேறு பிள்ளையின் கதி என்ன ஆகுமோ, அது எங்களுக்குத் தெரியாது.

துணை அக்கா வந்துவிட்டாள் என்பதால் மாடியில் கோபம் இறங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டுத் தட்டு மேசையில் வைக்கப்படுகிற சத்தத்திலிருந்தே எனக்குத் தெரிகிறது. 'என்னங்க' இன்னும் திரும்பவில்லை. மருந்துக்கடையில் சண்டை போட்டு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, பயிற்சிக்கு அவளும் வருகிறாள். பேனாவை மட்டும் அவள் வாங்கவில்லை. "அவரே எழுதட்டும் டீச்சர். நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

நேற்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு. டீச்சர் மேல் பாதியை எழுதிவிட்டு, புரிகிற தமிழில் படித்தார். சூப்பர் கீழ்ப் பாதியை எழுதினார். அடித்தார், மறுபடி எழுதினார். ஒரு வீட்டுக்கு விளம்பரம் எழுத அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். நாலு வரிக்கு நேற்று வேர்த்துக் கொட்டியது. பிறகு மகளுக்கு நேராகத் தாளைப் பிடித்துப் படித்தார்:

"இன்று பட்டாணி கட்டையை இரண்டு முறை விட்டெறிந்தாள். மேசைக்கடியில் போகவில்லை. நடுவில் கவுன் நுனியைச் சுற்றினாள். நான் கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்தார்."

"கவனித்தார்" என்றாள் பட்டாணி, பளிச்சென்று.

சூப்பரின் முகம் மலர்ந்தது. பேனா தானாகவே தாளுக்குப் போயிற்று. தடுப்பின் இடுக்கு வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. 'ப' என்று எழுதிவிட்டார். அடுத்து 'தில்' வர வேண்டியதுதான் பாக்கி.

மருந்துக்கடைக்காரி கட்டியிருந்த கையை மட்டும் அவிழ்த்தாள்.

அவர் 'ப'வை அடித்தார். கீழே எழுதி, எழுதியதை மகளுக்குப் படித்தும் காட்டினார்.

"நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள்."

"சொன்னாள்" என்றாள் பட்டாணி.

"எழுதியாச்சில்ல? தாளைக் குடு" என்றாள் மனைவி. வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள், மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல.